புயலுக்கு முன்னால் வீட்டைத் தட்டிப் பார்க்கும் மேஸ்திரி

கடலூரில் சொந்த வீட்டில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய காற்றும் மழையும் வந்தால் நம் வீட்டில் முதலில் எது போகும் என்று பருவமழைக்கு முன்பே வந்து பார்த்துச் சொல்கிற மூன்று பேர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறார்கள். ஒரு கொத்தனார் மேஸ்திரி, அவருடைய அக்கா மகன் எலக்ட்ரீஷியன், கூரைக்கு ஷீட் போடுகிறவர் ஒருவர். கடை இல்லை, பெயர்ப் பலகை இல்லை, பில் புத்தகமும் இல்லை. லாரன்ஸ் ரோடு பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் "புயலுக்கு வீடு பார்க்கிற மேஸ்திரி" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஃபெஞ்சல் புயலுக்கு அடுத்த ஆவணியில் எங்கள் வீட்டை அவர்களிடம் காட்டினேன். கொடுத்த காசுக்கு மேலேயே செய்தார்கள் என்பது என் முடிவு. குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். புயல் எச்சரிக்கை வந்தால் ஊரில் எல்லோரும் வீட்டுக்குள் போவார்கள், நாங்கள் டியூட்டிக்குக் கிளம்புவோம். துறைமுகத்தில் கூண்டு எண் ஏற ஏற எங்களுக்கு லீவு கிடைப்பது கஷ்டம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூரை ஒட்டிக் கரையைக் கடந்தபோதும் நான் வார்டில்தான் இருந்தேன், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கடந்தபோதும் வார்டில்தான். ஃபெஞ்சலின்போது வீட்டில் அம்மாவும் என் மகளும் மட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. இருட்டில் மாடிப்படி ஏறி எதையும் கட்டவோ இறக்கவோ அவரால் முடியாது. ஆகவே நான் இல்லாதபோதும் அவர்கள் இருவரையும் பத்திரமாக வைத்திருக்கிற வீடு எனக்கு வேண்டும். இந்தச் சேவையை நான் தேடிப் போனதற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. காற்று அடிக்கும் நேரத்தில் எங்களிடம் வருகிறவர்கள் குறைவு. அது ஓய்ந்த மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும்தான் வரிசையாக வருவார்கள். உடைந்த ஓட்டை மாற்ற ஏறி வழுக்கி விழுந்தவர், ஊறிய சுவருக்குப் பக்கத்தில் நின்றவர், தண்ணீர் தேங்கிய வாசலில் ஈரக்கையோடு மோட்டார் ஸ்விட்சைப் போட்டவர். டிவியில் காற்றின் வேகத்தைச் சொல்கிறார்கள். வீட்டுக்குள் நமக்குத் தெரியாமல் பழுதாகிக் கிடப்பதை யாரும் சொல்வதில்லை. அதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் ஆள் தேவை.

எங்கள் வீடு கூத்தப்பாக்கத்தில். அப்பா 1994இல் கட்டியது. முன்பக்கம் ஹாலும் இரண்டு அறைகளும் தளம் போட்டவை. பின்னால், மேற்குப் பக்கம், சமையல்கட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கடலூரில் இந்த வயசு வீடுகள் பலவும் இப்படித்தான் இருக்கும், அதனால் எங்கள் வீட்டுக் கதை உங்களுக்கும் பொருந்தலாம்.

இவர்களுக்கு முன்னால் ஒரு கம்பெனிக்காரரை அழைத்திருந்தோம். மொட்டை மாடிக்குப் போய் போட்டோ எடுத்தார், வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிக்க 1,85,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். ஸ்விட்ச் போர்டு பக்கம் திரும்பவே இல்லை, சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்க்கவும் இல்லை.

மேஸ்திரியின் கணக்கு வேறு. பார்த்துச் சொல்ல 1,500 ரூபாய். "வேலைய எங்ககிட்டயே குடுத்தாலும் இதைக் கழிக்க மாட்டோம் சிஸ்டர். வேற ஆளை வெச்சுப் பண்ணாலும் எங்களுக்கு வருத்தமில்ல" என்று முதலிலேயே சொன்னார். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. பார்ப்பதற்கே கூலி வாங்கிவிடுவதால் இல்லாத வேலையைக் காட்டி இழுக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பார்த்துக்கொண்டே சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு போனார். ஒரு கோடு என்றால் இப்பவே. இரண்டு கோடு என்றால் தீபாவளிக்குள். மூன்று கோடு என்றால் பொங்கலுக்கு அப்புறம் போதும். கம்பெனிக்காரர் காட்டிய மாடித் தளத்துக்கு அவர் போட்டது மூன்று கோடு. "தட்டு ஓடு நல்லாத்தான் இருக்கு. மூணு எடத்துல சந்து விட்டிருக்கு, அதை அடைச்சா போதும். கோட்டிங் இப்ப எதுக்கு?" என்றார்.

முதலில் கரண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதிக்காக மட்டும் 1,500 ரூபாய் கொடுத்திருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

வீட்டின் பக்கவாட்டில் துணி காயப்போடும் கொடி, ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகப் பூச்சு போட்ட இரும்புக் கம்பி. ஒரு முனை சுவரில் அடித்த ஆணியில். மறுமுனை, தெருக் கம்பத்திலிருந்து சர்வீஸ் ஒயர் வந்து மீட்டருக்கு இறங்குகிற இரும்புக் குழாயில். இந்த வீட்டில் நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கொடி அங்கேதான். எலக்ட்ரீஷியன் தம்பி அதைப் பார்த்தவுடன் கையிலிருந்த பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அக்கா, மொதல்ல இந்தக் கம்பிய அவுக்கணும். பாப்பாவ அந்தப் பக்கம் போக வேணாம்னு சொல்லுங்க" என்றார். டெஸ்டர் வைத்துப் பார்த்து, கசிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவரே தொட்டார்.

காரணத்தைக் குழாயின் வாயில் காட்டினார். வெயிலிலும் உப்புக்காற்றிலும் சர்வீஸ் ஒயரின் மேலுறை வெடித்துப் போயிருந்தது. காற்றில் ஒயர் ஆடும்போதெல்லாம் அந்த இடம் குழாயின் விளிம்பில் உரசித் தேய்கிறது. உள்ளிருக்கும் கம்பி என்றைக்குக் குழாயைத் தொடுகிறதோ அன்றைக்குக் குழாய் முழுக்க 230 வோல்ட். குழாயில் கட்டிய கொடியிலும் அதுவே, ஈரத்துணியை விரிக்கிற கையிலும் அதுவே. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இந்தக் கசிவு மீட்டருக்கு முன்னாலேயே நடப்பதால், வீட்டுக்குள் நாம் மாட்டி வைத்திருக்கும் எந்தப் பாதுகாப்பு ஸ்விட்சுக்கும் அது தெரியாது, எதுவும் விழாது. கொடிக்கம்பியில் ஒருவர் ஒட்டிக்கொள்ள, இழுக்கப் போன இன்னொருவரும் போய்விட்டார் என்று மழைக்காலத்தில் நாம் பேப்பரில் படிக்கிறோமே, அது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. தயவுசெய்து இதைப் படித்த கையோடு போய் உங்கள் வீட்டுக் கொடி எதில் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். சர்வீஸ் குழாயிலோ, மின்கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பியிலோ, தகரக் கூரையின் சட்டத்திலோ இருந்தால் உள்ளூர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு ஆன செலவு ஒரு நைலான் கயிறும் சுவரில் இரண்டு கொக்கியும்தான். குழாயின் வாயைச் சரிசெய்யும் வேலையை மட்டும் தம்பி உடனே செய்யவில்லை. மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் கை வைத்தார். அதுவும் எனக்குப் பிடித்தது.

அடுத்தது மெயின் போர்டு. ஆர்.சி.சி.பி. ஒன்று ஏற்கெனவே இருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எம்.சி.பி. ஒயர் சூடேறி எரியாமல் காக்கும், ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி.தான். வீட்டுக்குள் போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால், அதாவது ஈரச்சுவர் வழியாகவோ ஒரு ஆளின் உடம்பு வழியாகவோ மின்சாரம் தரைக்கு இறங்கினால், அந்தக் கணமே துண்டித்துவிடும். அதில் சோதித்துப் பார்க்கச் சின்னதாக ஒரு பட்டன் உண்டு. தம்பி அழுத்தினார். லைட் அணையவில்லை. கையை எடுத்துவிட்டு மறுபடியும் அழுத்தினார். அணையவில்லை. உப்புக்காற்றில் உள்ளே இறுகிப் போயிருக்கும் என்றார். போர்டில் இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை. புதியது மாற்றி, என் மகளை விட்டே அந்தப் பட்டனை அழுத்தச் சொன்னார். டக்கென்று விழுந்தது. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது இப்போது அவள் பொறுப்பு.

கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் குழியும் அப்படியே. பாத்ரூமுக்குப் பின்னால் குழாயின் தலை தெரிந்தது, கம்பியும் தெரிந்தது. தோண்டிப் பார்த்தால் ஒரு அடிக்குக் கீழே கம்பி துருவாகிக் கையோடு வந்துவிட்டது. இப்போது புதுக் குழி தோண்டி, ஜி.ஐ. குழாய் இறக்கி, சுற்றி உப்பும் அடுப்புக்கரியும் போட்டு மூடியிருக்கிறார்கள்.

நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற கம்பியின் விஷயத்தையும் தம்பி விளக்கினார். புயலில் மரக்கிளை விழுந்து தெரு லைனில் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறலாம். கரண்ட் திரும்பி வந்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் போடும்போதுதான் ஃபிரிட்ஜும் டிவியும் புகைகின்றன. இதற்குத் தனியாக ஒரு ஓவர் வோல்டேஜ் கருவி இருக்கிறது என்றார், ஆனால் அதை விற்கப் பார்க்கவில்லை. "காத்து ஆரம்பிச்சதும் மெயினை எறக்கிடுங்க. கரண்ட் வந்தப்பறம் ஒரு லைட்டை மட்டும் போட்டுப் பாருங்க. கண்ணைக் கூசுற மாதிரி எரிஞ்சா ஒடனே நிறுத்திட்டு ஆபீசுக்குச் சொல்லுங்க" என்பது அவர் அம்மாவுக்குச் சொன்ன பாடம். அம்மா அதைக் காலண்டர் பின்பக்கம் எழுதி போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார், கூடவே மின்னகம் எண் 94987 94987. அறுந்து விழுந்த ஒயரைப் பார்த்தால் இந்த எண்ணுக்குச் சொல்லலாம். இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருந்தது. 2015 வெள்ளத்தில் சுவரில் விழுந்த தண்ணீர்க் கறைக்கு மேலே ஒரு அடி கணக்கு வைத்து, இரும்பு ஸ்டாண்டில் ஏற்றிவிட்டார்கள்.

இப்போது சமையல்கட்டுக் கூரை. இதைப் பற்றி மேஸ்திரி சொன்னதைக் கேட்டபோதுதான் இவருக்குப் புயல் தெரியும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. "ஒங்க வீட்டுக்கு எந்தப் பக்கத்துக் காத்து வரும்னு தெரியுமா?" என்று கேட்டார். அவரே விளக்கினார். நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கடலில் இருக்கும்போது நமக்கு முதலில் வடக்குக் காற்றுதான். அது நமக்கு வடக்கே கரையேறினால் காற்று மேற்கே திரும்பி, பிறகு தென்மேற்காகும். நமக்குத் தெற்கே கரையேறினால் கிழக்கே திரும்பும், கடலையும் கூடத் தள்ளிக்கொண்டு வரும். கண் நம் தலைக்கு மேலேயே வந்தால் நடுவில் கொஞ்ச நேரம் ஓய்ந்துவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். அந்த ஓய்வை நம்பி வெளியே போகக் கூடாது. 2020இல் நிவர் மரக்காணம் பக்கம் கடந்தது, 2024இல் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம். இரண்டுமே கடலூருக்கு வடக்கே. ஆகவே எங்கள் வீட்டுக்கு மேற்குக் காற்று, மேற்கே இருப்பதோ ஷீட் கூரை. ஃபெஞ்சலில் அந்த ஓரத்து ஷீட் ஏன் தூக்கிக்கொண்டது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

காற்று கூரையை அழுத்தி உடைப்பதில்லை, மேலே உறிஞ்சி எடுக்கிறது. ஓரங்களிலும் மூலைகளிலும்தான் அந்த இழுப்பு அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 70 கிலோமீட்டர் காற்றில் அசையாத கூரை, தானே மாதிரி 140இல் போய்விடுவது அதனால்தான். எங்கள் ஷீட்டைப் பிடித்திருந்த, கொக்கி மாதிரி வளைந்த ஜே போல்ட்டுகளில் ஓரத்து வரிசை முழுக்கத் துரு. ஷீட்டுக்காரர் இரண்டை விரலால் திருகியே உடைத்துக் காட்டினார். துளைகளில் சில, தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் போட்டவை. துளை எப்போதும் மேட்டில்தான் வர வேண்டுமாம், அப்போதுதான் ஒழுகாது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஓர வரிசைகளில் நெருக்கி நெருக்கிப் புது போல்ட்டு, தார் வாஷர். சுவருக்கு வெளியே ஒன்றரை அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த ஷீட்டை முக்கால் அடியாகக் குறைத்தார். மேலே குறுக்காக இரண்டு ஜி.ஐ. பைப் போட்டு, சுவரில் பதித்த கொக்கிகளோடு இழுத்துப் பிடித்திருக்கிறார்.

கூரை மேல் அம்மா ஏற்றி வைத்திருந்த செங்கல்லையும் மணல் மூட்டையையும் இறக்கச் சொன்னார் மேஸ்திரி. கல் காற்றில் பறந்தால் அடுத்த வீட்டு ஜன்னலுக்கு ஆபத்து. மணல் மூட்டை நனைந்தால் கனம் ஏறி ஷீட்டையே உடைக்கும். "ஒரு பக்கத்து ஜன்னலைத் திறந்து வெச்சா காத்து வெளிய போயிடும்னு சொல்றாங்களே?" என்று அம்மா கேட்டார். "அதெல்லாம் வேணாம்மா. உள்ள வந்த காத்து கீழேருந்து கூரையத் தூக்கும். எல்லாத்தையும் சாத்தித் தாப்பாப் போட்டுடுங்க" என்றார். பின்கதவின் தாழ்ப்பாள் ஆட்டம் கண்டிருந்தது, நிலையின் அடிப்பாகத்தில் கரையான். அதற்கு ஒரு கோடு போட்டார். கதவு திறந்துகொண்டால் கூரைக்குச் செய்த வேலையெல்லாம் வீண் என்றார்.

இந்த இடத்தில் என் முதல் குறை. ஷீட்டுக்காரர் ஆஸ்பெஸ்டாஸை மெஷினால் உலர்வாக அறுக்கப் போனார், முகத்தில் துண்டுகூட இல்லாமல். அந்தத் தூசியில் இருக்கும் நார் நுரையீரலில் போய்த் தங்கினால் பல வருஷம் கழித்து நோயாகத் திரும்பி வரும். நான் நிறுத்தச் சொல்லி, தண்ணீர் ஊற்றி நனைத்து, மாஸ்க் கொடுத்து, கையால் அறுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் தினமும் இதே வேலையில் இருக்கிறவர். வீட்டுக்காரர் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்பது எனக்கு வருத்தம்தான். நீங்கள் அழைத்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், துண்டுகளை ஈரத்தோடு மூட்டையில் கட்டச் சொல்லுங்கள், அந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

தளம் போட்ட பகுதியில் மேஸ்திரி செய்தது எல்லாம் தட்டிப் பார்ப்பதுதான். சின்னச் சுத்தியல் ஒன்று. சன்ஷேடுகளின் அடிப்பக்கம், படிக்கட்டின் அடி, போர்டிகோவின் மூலை என்று ஒவ்வொரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார், தர்பூசணிப் பழம் வாங்குகிறவர் தட்டிக் கேட்கிற மாதிரி காதைச் சாய்த்துக்கொண்டு. நல்ல கான்கிரீட் கணீரென்று சொல்லும். உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தால் பொத்தென்று கேட்கும். இரும்பு துருவாகும்போது பருமனாகும், அந்த வீக்கம் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். கடலோரத்தில் இது சீக்கிரம் வருவதற்கு உப்புக்காற்று ஒரு காரணம். கட்டும்போது உப்புக் கலந்த போர் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் இன்னொரு காரணம். பெயிண்ட் அடித்து வைத்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

தெற்குப் பக்க ஜன்னலின் சன்ஷேடு முழுக்கப் பொத்துப் பொத்தென்றது. என் மகள் சைக்கிள் நிறுத்துகிற இடம் அதன் கீழேதான். மேஸ்திரி அவளை வேறு இடத்தில் நிறுத்தச் சொன்ன பிறகுதான் அடுத்த அறைக்கு நகர்ந்தார். அதை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முடியாது, உடைத்து எடுத்துவிடலாம் என்றார். உடைத்தபோது கம்பி பென்சில் மாதிரி மெலிந்து, சில இடங்களில் இல்லவே இல்லை. மற்ற இரண்டு சன்ஷேடுகளில் கெட்ட பகுதியை மட்டும் கொத்தி, கம்பியை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் அடைத்தார்கள். அந்த வேலை சுத்தம். ஐப்பசி மழையில் இதுவரை கறையோ வெடிப்போ தெரியவில்லை.

மாடியில் தண்ணீர் வடியும் வழியைப் பற்றி அவர் சொன்ன பிறகு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃபெஞ்சலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. 800 சதுர அடி மாடியில் 46 சென்டிமீட்டர் என்றால் 34,000 லிட்டர் தண்ணீர். எங்கள் மாடிக்கு இருப்பது இரண்டு குழாய், அதில் ஒன்றின் வாயில் வேப்பிலையும் பழைய பந்தும். இரண்டும் அடைத்துக்கொண்டு 10 சென்டிமீட்டர் தேங்கினாலே ஏழு டன் கனம் தளத்தின் மேல் உட்காரும். கைப்பிடிச் சுவரில் தரைக்கு நான்கு விரல் மேலே இரண்டு ஓட்டை போட்டு, வெளியே நீட்டித் தூம்பு வைத்தார். குழாய் அடைத்தாலும் தண்ணீர் அந்த உயரத்துக்கு மேல் ஏறாது. சின்ன வேலை, ஆனால் யாரும் நினைத்துப் பார்க்காத வேலை. சின்டெக்ஸ் டேங்க்கைப் பற்றி ஒரே வார்த்தை: புயலுக்கு முன் நிரப்பி வையுங்கள். 1,000 லிட்டர் நிறைந்திருந்தால் ஒரு டன், காலியாக இருந்தால் பறக்கும். கரண்ட் போன பிறகு குடிக்கவும் குளிக்கவும் அந்தத் தண்ணீர்தான் இருக்கும். டிஷ் ஆன்டெனாவின் போல்ட், பழைய நாற்காலி, பூந்தொட்டிகள் எல்லாவற்றையும் அன்றைக்கே இறக்கியாயிற்று.

காம்பவுண்டுச் சுவர் மட்டும் இன்னும் பாக்கி. பக்கத்து மனையில் மண் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். மழையில் அந்த மண் ஊறி எங்கள் நாலரை இன்ச் சுவரைத் தள்ளுகிறது. சுவரில் தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட இல்லை. 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுவர் விழுந்து 17 பேர் இறந்ததை நான் மறக்கவில்லை. இப்போதைக்குச் சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் படுக்கிற அறையில் அம்மாவின் கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொன்னார் மேஸ்திரி. பொங்கலுக்கு அப்புறம் இடித்துவிட்டு தூண் போட்டுக் கட்டப் போகிறோம்.

செலவு: பார்த்த கூலி 1,500, கரண்ட் வேலை 9,500, ஷீட் வேலை 14,000, சன்ஷேடு 11,000, தூம்பும் மாடித் தட்டு ஓட்டின் சந்து அடைத்ததும் 1,800. மொத்தம் 37,800 ரூபாய், பொருளோடு சேர்த்து. கம்பெனிக்காரர் கேட்டதில் கால் பங்குகூட வரவில்லை.

குறைகள். சொன்ன நேரத்துக்கு வர மாட்டார்கள். காலை ஏழு என்றால் பத்தாகும், சில நாள் வராமலே போன் வரும். ஷிப்ட் வேலையில் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய தொல்லை. எழுதிக் கொடுக்கும் பழக்கமே இல்லை. எல்லாம் வாயால் சொல்வதுதான், சாக்பீஸ் கோடும் ஒரு மழையில் போய்விடும். நான் கூடவே நின்று நோட்டில் எழுதிக்கொண்டதால் தப்பித்தேன். வயசானவர்கள் தனியாக இருக்கிற வீட்டில் இது போதாது, ஒரு தாளாவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மேஸ்திரியிடமே சொல்லியிருக்கிறேன். மரத்தைப் பார்க்க மாட்டார்கள். முருங்கைக் கிளையையும் தென்னையில் காய்ந்த மட்டை, காய்களையும் வெட்ட நாங்களே வேறு ஆளைப் பிடித்தோம். செப்டிக் டேங்க் மூடியில் விரிசல் இருந்தது அவர்கள் கண்ணில் படவில்லை, அம்மாதான் காட்டினார். வெள்ளத்தில் அந்த மூடி தண்ணீருக்கு அடியில் தெரியாமல் இருக்கும், கால் வைத்தால் உள்ளே போய்விடும். வீட்டில் மறைந்திருக்கிற ஆபத்தைத் தேடுகிறவர்கள் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். காட்டிய பிறகு மறுநாளே புது ஸ்லாப் வார்த்துப் போட்டார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை.

பெரிய காற்று இன்னும் வந்து இந்த வேலையைச் சோதிக்கவில்லை. அதனால் ஷீட் 140க்கு நிற்குமா என்று நான் சாட்சி சொல்ல முடியாது. மழை சோதித்துவிட்டது, சமையல்கட்டில் ஒரு சொட்டு விழவில்லை. முன்பு நைட் டியூட்டியில் மழைச் சத்தம் கேட்டால் வீட்டுக்குப் போன் போட்டு "கொடிப்பக்கம் போகாதீங்க, மோட்டாரைத் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். இப்போது அம்மாவே கூப்பிட்டு மெயினை இறக்கிவிட்டதாகச் சொல்கிறார்.

அழைக்க நினைப்பவர்கள் ஆடியிலேயே அழையுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் சிமெண்ட் வேலையை அவர்கள் எடுப்பதில்லை, எடுத்தாலும் நான் கொடுக்க மாட்டேன், ஈரத்தில் ஒட்டுப்பூச்சு பிடிக்காது. எர்த்தைச் சோதிக்கவும் காய்ந்த மாதம்தான் சரி. மழையில் நனைந்த மண்ணில் கெட்ட எர்த்தும் நல்லதுபோலக் காட்டும். பழைய வீட்டுப் பிளான் இருந்தால் எடுத்து வையுங்கள், மேஸ்திரி கேட்பார். வீட்டில் யாராவது ஒருவர் நோட்டும் பேனாவுமாகக் கூடவே மாடி ஏறுங்கள்.